முதல் ஏர் ரைபிள் வாங்கியாச்சு, குண்டு அஞ்சு திசைக்கும் போகுது, எங்கருந்து பழகணும்?

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊரு திருமங்கலம் பக்கம். ரொம்ப நாள் ஆசைப்பட்டு இப்பத்தான் ஒரு ஏர் ரைபிள் வாங்குனேன். .177 இஞ்சு குண்டு போடுறது, பேரல, அதான் குழாய, மடக்கி லோடு பண்ற ஸ்ப்ரிங் டைப்பு, நம்ம நாட்டுலயே தயாராகுறதுதான். லைசென்ஸ் தேவையில்லன்னு ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கிட்டு பில்லு போட்டுக் குடுத்துட்டாங்க, கூட ஒரு டப்பா பெல்லட்டும் (சின்ன ஈயக் குண்டு), குறி பாத்து சுடுற கருப்பு வட்டம் போட்ட அட்டை ஒரு கட்டும்.

பிரச்சனை என்னன்னா, மாடியில டேப்பு வச்சு சரியா 10 மீட்டர் அளந்து, கைப்பிடிச் சுவர் மேல முன்கட்டைய அமுத்தி வச்சு, ஆடாம அசையாம கெட்டியாப் புடிச்சுத்தான் சுடுறேன், அப்படியும் ஒரு குண்டு கருப்புக்குள்ள விழுது அடுத்தது அட்டைக்கே வெளிய போகுது, அதுக்கடுத்தது எங்க போச்சுன்னே தெரியல. ஆரம்பத்துல சுடும்போது கொஞ்சம் பொகையும் வந்துச்சு, சத்தமும் பெருசா இருந்துச்சு, இப்ப கொறைஞ்சிருச்சு. கூட்டாளி ஒருத்தன் ஸ்கோப் மாட்டு எல்லாம் சரியாயிரும்ங்கிறான், இன்னொருத்தன் பெல்லட்ட மாத்துங்கிறான், யார் சொல்றதக் கேக்குறதுன்னு தெரியல.

சும்மா டப்பாவ நிறுத்தி வச்சு விழுத்தாட்டுறதுக்காக வாங்கல, முறையா கத்துக்கிட்டு என்னைக்காச்சும் ஒரு போட்டியில நின்னு பாக்கணும்னு இருக்கு. வயசு 34, இனிமேப் போட்டிக்கெல்லாம் முடியுமான்னும் சொல்லுங்க. இன்னொண்ணு, பக்கத்துத் தோட்டத்து பெரியவரு, கடலைக்காட்டுல மயிலு எறங்கி அழிக்குது தம்பி, துப்பாக்கி வாங்கிட்டியாமே, ரெண்டு மயில தட்டிவிட்டா மத்தது வராதுங்கிறாரு. மொகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லவும் சங்கடமா இருக்கு.

பெருங்குடிக்காரன்:

தம்பி, துப்பாக்கி மேல சந்தேகப்படாதீங்க, ஸ்கோப்புக்கும் இப்போதைக்கு காசு போடாதீங்க. நீங்க எழுதுனதுலயே பதில் இருக்கு. சுவர் மேல அமுத்தி வச்சு கெட்டியாப் புடிச்சுன்னு சொல்றீங்க பாருங்க, ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு அது ரெண்டுமே ஆகாது.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சிரும். ட்ரிகர் விட்டதும் ஸ்ப்ரிங் ஒரு கனமான பிஸ்டன முன்னாடி தள்ளுது, பிஸ்டன் முன்ன பாயும்போது துப்பாக்கி பின்னாடி வருது. அந்தப் பிஸ்டன் சிலிண்டர் கடைசில அமுங்கின காத்துல மோதி நிக்கும்போது துப்பாக்கி திரும்ப முன்னாடி ஒரு இழுப்பு இழுக்கும். இந்த ஆட்டத்துல பெரும்பகுதி குண்டு இன்னும் பேரலுக்குள்ள இருக்கும்போதே நடக்குது. அதனால துப்பாக்கி எப்படி ஆடுதோ அதப் பொறுத்துத்தான் குண்டு போற எடம். நீங்க சுவர் மேல வச்சா ஒரு மாதிரி துள்ளும், கையில வச்சா ஒரு மாதிரி துள்ளும், ஒருதடவ இறுக்கி ஒருதடவ லேசா புடிச்சா ரெண்டும் ரெண்டு எடத்துக்குப் போகும். ஆட்டத்த உங்களால நிறுத்த முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆட விடத்தான் முடியும்.

அதுக்கு என்ன செய்யணும்னா, சுவர் மேல ஒரு மணல் பையோ பழைய தலகாணியோ போட்டு, அது மேல உங்க இடது கைய வைங்க, உள்ளங்கைய விரிச்சு அது மேல முன்கட்டை சும்மா உக்காந்திருக்கணும், விரல் போட்டு புடிக்கக் கூடாது. வலது கையும் கோழிக்குஞ்சப் புடிக்கிற மாதிரிதான், நழுவவும் கூடாது நசுங்கவும் கூடாது. பின்கட்டை தோள்ல சும்மா தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும், கன்னம் கட்டையில ஒரே எடத்துல படியணும். முன்கட்டைக்கு அடியில கை எந்த எடத்துல இருக்குங்கிறதையும் ஒரு துண்டு டேப்பு ஒட்டி அடையாளம் வச்சுக்கங்க, ரெண்டு இஞ்சு முன்னப்பின்ன போனாலே குண்டு விழுற எடம் மாறும்.

அடுத்து ஸ்க்ரூ. புதுத் துப்பாக்கில கட்டையப் புடிச்சிருக்கிற ஸ்க்ரூ எல்லாம் அந்த அதிர்ச்சியில பையப் பைய லூசாகும். சுட உக்கார்றதுக்கு முன்னாடி ஒருதடவ சரியான அளவு ஸ்க்ரூட்ரைவர் போட்டு பாத்துக்கங்க, இறுக்குறேன்னு மரத்தப் பொளந்துறாதீங்க. பேக் சைட், அதான் குறி பாக்குறதுக்கு பின்னாடி இருக்கிற பள்ளம் வச்ச தகடு, ஆடுதான்னும் அசைச்சுப் பாருங்க.

பொகை வந்தது பத்தி பயம் வேணாம். தயாரிக்கும்போது போட்ட எண்ணெய் கொஞ்சம் சிலிண்டர்ல இருந்திருக்கும், காத்து சட்டுனு அமுங்கும்போது வர்ற சூட்டுல அது எரிஞ்சு பொகையும் சத்தமும் வருது, அந்த நேரத்துல குண்டோட வேகமும் ஒண்ணுக்கொண்ணு மாறும். சில நூறு குண்டு போன பொறகு தானா அடங்கும். ஆனா யாராச்சும் தையல் மெஷின் எண்ணெய், தேங்கா எண்ணெய் நாலு சொட்டு விடுன்னு சொன்னா காத்து வெளிய வர்ற ஓட்டையில விட்டுறாதீங்க, சீலும் போயிரும் ஸ்ப்ரிங்கும் போயிரும். அதே மாதிரி பெல்லட் இல்லாம வெறுமன ட்ரிகர் அமுக்குற வேலையே வேணாம், குண்டு இல்லாட்டி பிஸ்டன தடுக்க காத்து நிக்காது, நேரா போயி இரும்புல மோதும்.

பெல்லட்டு பத்தி உங்க கூட்டாளி சொன்னது பாதி உண்மை. ஒவ்வொரு பேரலுக்கும் ஒவ்வொண்ணு ஒத்துக்கும். அட்டைக்குன்னா மண்டை தட்டையா இருக்கிற பெல்லட் வாங்குங்க, அட்டையில அச்சு வச்ச மாதிரி வட்டமா ஓட்டை விழும், பாயிண்ட் பாக்க சுலபம். ரெண்டு மூணு வகை சின்ன டப்பாவா வாங்கி எது நெருக்கமா விழுதுன்னு பாருங்க. டப்பாவ கீழ போட்டு பின்விளிம்பு நசுங்கின பெல்லட்ட தனியா ஒதுக்கிருங்க. ஆனா இதெல்லாம் கை ஒரு நிலைக்கு வந்த பொறகு. ஸ்கோப்பும் அப்படித்தான், சாதாரண ஸ்கோப்ப ஸ்ப்ரிங் துப்பாக்கில மாட்டுனா அந்த ரெண்டு பக்கத்து உதறல்ல உள்ள இருக்கிற லென்ஸ் ஆடிப்போயிரும், அதுக்குன்னே செஞ்சது வாங்கணும். நீங்க போட்டின்னு வேற சொல்றீங்க, 10 மீட்டர் போட்டில ஸ்கோப்பே கெடையாது.

கடைசியா ஒண்ணு, இது ரொம்ப முக்கியம். பேரல மடக்கி பெல்லட் வைக்கும்போது இன்னொரு கையால பேரல விடாமப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். ட்ரிகர் தவறி விட்டுச்சுன்னா பேரல் அடிச்சு மூடும், விரல் போயிரும்.

உசிலை எக்ஸ்சர்வீஸ்:

தம்பி, பெருங்குடிக்காரரு துப்பாக்கியப் பத்தி சொல்லிட்டாரு, நான் சுடுறவனப் பத்தி சொல்றேன். உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தரு பட்டாளத்துல இருப்பாங்க, யாரக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க. பட்டாளத்து ரைபிள் 7.62 எஸ்எல்ஆர்லயும் சரி, பின்னால வந்த 5.56 இன்சாஸ்லயும் சரி, எங்களுக்கு உஸ்தாத், அதான் பயிற்சி குடுக்குறவரு, சொல்லிக் குடுத்தது மூணே விசயம்தான். மஜ்பூத் பக்கட், துருஸ்த் ஷிஸ்த், துருஸ்த் ட்ரிகர் ஆப்பரேசன். புடி உறுதியா இருக்கணும், குறி சரியா இருக்கணும், விசைய சரியா இழுக்கணும். உறுதியான புடின்னா இறுக்கமான புடி இல்ல, அசையாத புடி. உங்க ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு அவரு சொன்ன மாதிரி லேசாவே புடிங்க, ஆனா ஒரே மாதிரி புடிங்க.

முதல்ல பத்திரம். துப்பாக்கி காலியா இருந்தாலும் லோடு ஆன மாதிரிதான் நெனைக்கணும். வாய் எந்தப் பக்கம் பாக்குதுங்கிறது எப்பவும் மனசுல இருக்கணும், வீட்டுல ஆளப் பாத்து வெளாட்டுக்குக் கூட நீட்டக் கூடாது. குறி பாத்து முடிவு பண்ற வரைக்கும் விரல் விசை மேல இல்லாம பக்கவாட்டுல நீட்டி இருக்கணும். குறிக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியாம சுடக் கூடாது, ஏர் கன்னுதானன்னு நெனைக்காதீங்க, அந்தக் குண்டு சில நூறு மீட்டர் போகும், கண்ணுல பட்டா கண்ணு போகும், அதுக்கும் மேலயும் ஆகும். மாடியில வச்சு சுடுறேங்கிறீங்க, அட்டைக்குப் பின்னாடி என்ன வச்சிருக்கீங்கன்னு எழுதவே இல்ல, அத முதல்ல சொல்லுங்க.

இப்ப சுடுறதுக்கு வருவோம். நின்னுக்கிட்டு சுடுறத கொஞ்ச நாளைக்குத் தள்ளி வைங்க. படுத்து சுடுங்க, இல்லாட்டி மேசையில உக்காந்து மணல் பை மேல கைய வச்சு சுடுங்க. படுத்த பொறகு குறிய பாத்து துப்பாக்கிய நேரா வச்சுட்டு கண்ண மூடிக்கங்க, ரெண்டு மூச்சு விட்டு ஒடம்பத் தளர்த்துங்க, இப்ப கண்ணத் தொறந்து பாருங்க. துப்பாக்கி குறியவே பாத்துக்கிட்டு இருந்தா நல்லது. இடது பக்கம் போயிருந்துச்சுன்னா கையால இழுத்து சரி பண்ணாதீங்க, இடுப்பையும் காலையும் நகர்த்தி ஒடம்பையே திருப்புங்க. கையால இழுத்து வச்சா விசை விடுற நேரத்துல தசை தளர்ந்து துப்பாக்கி அது போக நெனைச்ச எடத்துக்கே போயிரும். நெறயப் பேருக்கு குண்டு ஒரே பக்கமா ஒதுங்குறதுக்கு இதுதான் காரணம், அவங்க சைட்ட திருகிக்கிட்டே கெடப்பாங்க.

மூச்சு, ரெண்டு தடவ சாதாரணமா இழுத்து விடுங்க, விட்ட பொறகு அடுத்த மூச்சு இழுக்குறதுக்கு முன்னாடி ஒடம்பு தானா கொஞ்ச நேரம் ஓஞ்சிருக்கும் பாருங்க, அங்க நிறுத்தணும். ஆறு ஏழு செகண்டுக்குள்ள விசை விடணும். அதுக்கு மேல போச்சுன்னா கண்ணு மங்கும் கை நடுங்கும், துப்பாக்கிய எறக்கிட்டு திரும்ப ஆரம்பிங்க. சுடாம எறக்குறதுக்கு கூச்சப்படாதீங்க, நல்ல ஷூட்டர் அடிக்கடி எறக்குவான்.

இன்னொரு விசயம் குரூப்பிங். காலேஜ்ல என்சிசில இருந்த பயலுக யாரையாச்சும் கேட்டுப் பாருங்க, .22 ரைபிள குடுத்து அவங்களையும் முதல்ல குரூப்பிங் பாத்துதான் மார்க் போடுவாங்க. அஞ்சு குண்டும் அட்டையில எங்க விழுந்தாலும் பரவால்ல, ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல விழுந்துச்சான்னுதான் பாக்கணும். சைட்ட தொடாதீங்க. ஒரே புள்ளியில குறி பாத்து அஞ்சு சுடுங்க, அட்டைய மாத்துங்க, தேதி போட்டு எடுத்து வைங்க. குண்டு ஒரு ரூபாய் நாணயத்துக்குள்ள அடங்குற வரைக்கும் சைட் திருகுற பேச்சே வேணாம்.

கள்ளந்திரி விவசாயி:

மயிலு விசயத்துக்கு மட்டும் நான் சொல்றேன், எங்க பக்கமும் இதே தொல்லைதான், பெரியாத்துக் கால்வாய் தண்ணி வந்து நாத்து விட்டா போதும் வெள்ளன விடியுறதுக்கு முன்னாடி கூட்டமா எறங்கிரும். அந்தப் பெரியவரோட வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. ஆனா தம்பி, தொடவே தொடாதீங்க. மயில் 1963ல இருந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு. கொன்னாலும் சரி, காயப்படுத்துனாலும் சரி, அது வேட்டைதான், 3 வருசத்துலருந்து 7 வருசம் வரைக்கும் ஜெயிலு, துப்பாக்கியும் போகும். சும்மா பயமுறுத்தத்தான் சுட்டேன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான். அவரு கேட்டா இதையே சொல்லிருங்க, நான் செய்யல, செஞ்சா ஒங்களையும் சேத்து வந்து கேப்பாங்கன்னு சொல்லுங்க, அப்புறம் கேக்க மாட்டாரு. வரப்ப சுத்தி மீன் வலையோ பழைய சேலையோ கட்டுறது, பளபளன்னு ரிப்பன் இழுத்துக் கட்டுறது, விடியக்காலையில ஆள் நடமாட்டம் வச்சுக்கிறது, இதுல எதாச்சும் மாத்தி மாத்தி செஞ்சா கொஞ்சம் அடங்கும். ஒண்ணையே வச்சிருந்தா பழகிரும். தெருநாய், கொரங்கு மேலயும் சுடச் சொல்லி ஆளுங்க வருவாங்க, ஊருக்குள்ள துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா இதுதான் நடக்கும், முதல் ஆளுகிட்டயே முடியாதுன்னு சொல்லிட்டா அடுத்தவன் வர மாட்டான்.

பத்து மீட்டர்:

வணக்கம் தம்பி, நான் மதுரையில கிளப்புல சுடுறேன், புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு சொல்லியும் குடுக்குறேன். மேல ரெண்டு பேரும் சொன்னது அத்தனையும் சரி, நான் கண்ணும் விரலும் பத்தி சொல்றேன், போட்டி பத்தியும் சொல்றேன்.

முதல்ல உங்களுக்கு எந்தக் கண்ணு ஓங்குன கண்ணுன்னு பாருங்க. ரெண்டு கையையும் நீட்டி விரல சேத்து நடுவுல ஒரு சின்ன ஓட்டை விட்டு, அது வழியா தூரத்துல இருக்கிற ஒரு பல்ப பாருங்க, அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண்ணு தொறந்திருக்கும்போது பல்பு ஓட்டைக்குள்ளயே நிக்குதோ அதுதான். வலது கைக்காரருக்கு இடது கண்ணு ஓங்கியிருந்தா ஆரம்பத்துலயே தெரிஞ்சுக்கிறது நல்லது. இன்னொரு கண்ண இறுக்கி மூடாதீங்க, மொகத்துத் தசை பூரா இழுத்துக்கும், போட்டிருக்கிற மூக்குக் கண்ணாடியில ஒரு வெள்ளத் துண்டு பேப்பர் ஒட்டி மறைச்சுக்கிட்டு ரெண்டையும் தொறந்தே வைங்க.

பார்வை எங்க இருக்கணும்னா ஃப்ரண்ட் சைட் மேல, அதான் பேரல் நுனியில நிக்கிற கம்பி மேல. அட்டை மேல இல்ல. கருப்பு வட்டம் மங்கலாத் தெரியும், பேக் சைட்டும் கொஞ்சம் மங்கலாத் தெரியும், அந்த முன் கம்பி மட்டும் கூர்மையா இருக்கணும். புதுசா வர்ற எல்லாரும் குண்டு போற எடத்தப் பாக்கணும்னு அட்டையையே மொறச்சுப் பாப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல அரை மீட்டர் இருக்குன்னு வச்சுக்குவோம், அந்தக் கம்பி பின் சைட் பள்ளத்துல 1 மில்லி மீட்டர் ஒதுங்கியிருந்தா 10 மீட்டர் தள்ளி அட்டையில 20 மில்லி மீட்டர் ஒதுங்கும். கருப்பு வட்டமே 30.5 மில்லி மீட்டர்தான். ஆனா சைட் ரெண்டும் நேரா இருந்து துப்பாக்கி மொத்தமா லேசா ஆடுச்சுன்னா அம்புட்டு சேதம் வராது. அதனால ஆட்டத்துக்கு பயப்படாதீங்க, எல்லாருக்கும் ஆடும், ஒலிம்பிக் போறவங்களுக்கும் ஆடும். சைட்ட நேரா வச்சுக்கிட்டு, ஆட்டம் சின்னதாகுற நேரத்துல விரல் அழுத்தம் கூடிக்கிட்டே போகணும்.

விரல்னா முதல் கணுவோட நடுச் சதை, அது மட்டும் நேரா பின்னாடி வரணும், மத்த விரல் எதுவும் சேந்து இறுக்கக் கூடாது. இப்ப விடு அப்படின்னு மூளை சொல்லி விடுறது வேணாம், சட்டுனு இழுப்பீங்க, ஒடம்பு முன்கூட்டியே சுருங்கும். பையப் பைய அழுத்திக்கிட்டே போங்க, அது எப்ப விடுதோ அப்ப விடட்டும். விட்ட பொறகு ஒடனே தலையத் தூக்கி பாக்குறது ரொம்பப் பேருக்குப் பழக்கம், அதக் கண்டிப்பா விடுங்க. குண்டு போன பொறகும் ரெண்டு செகண்டு அதே மாதிரி கன்னத்த எடுக்காம விரலையும் விடாம இருங்க. உங்க ஸ்ப்ரிங் துப்பாக்கில குண்டு பேரல்ல இருக்கும்போதே ஆட்டம் நடக்குதுன்னு பெருங்குடி அண்ணன் சொன்னாரே, அதுக்கு இது இன்னும் முக்கியம்.

இப்ப நான் ரொம்ப ஆசையா சொல்றது ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு குண்டும் போன ஒடனே, அட்டையப் பாக்குறதுக்கு முன்னாடி, விசை விட்ட நேரத்துல ஃப்ரண்ட் சைட் எங்க இருந்துச்சோ அத வச்சு குண்டு எங்க விழுந்திருக்கும்னு வாய் விட்டு சொல்லுங்க. வலது பக்கம் கொஞ்சம் மேலன்னு சொன்னீங்கன்னா வலது பக்கம் மேல இருக்கணும். சொன்ன எடத்துல விழுந்துருந்தா எட்டு பாயிண்டா இருந்தாலும் எனக்கு சந்தோசம். பத்து விழுந்தும் எப்படி விழுந்துச்சுன்னு தெரியலன்னா அது வேலைக்கு ஆகாது. என்கிட்ட வர்ற பிள்ளைங்க எல்லாரையும் ஒரு நோட்டு போட்டு இதத்தான் எழுதச் சொல்லுவேன், சொன்னது ஒரு பக்கம், விழுந்தது ஒரு பக்கம். இந்த ரெண்டும் ஒண்ணாகி வர்றப்பதான் ஷூட்டிங் கைக்கு வருதுன்னு அர்த்தம், அது வர்ற வரைக்கும் ஸ்கோர கூட்டியே பாக்க வேணாம்.

போட்டிக்கு வயசு ஒரு தடையே இல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ஒரு கைய பாக்கெட்ல விட்டுக்கிட்டு நின்னு சுட்டாரே துருக்கிக்காரர் யூசுஃப் திகெச், வெள்ளி ஜெயிக்கும்போது அவருக்கு 51 வயசு. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ல ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் ஸ்வான் 72 வயசுல துப்பாக்கி சுடுதல்ல வெள்ளி வாங்கியிருக்காரு. நம்மள்ல 2008ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்குனது இதே 10 மீட்டர் ஏர் ரைபிள்தான், கடைசி குண்டுக்கு 10.8 பாயிண்ட். கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் 2019ல ரியோ உலகக் கோப்பையில தங்கம் வாங்குனதும் இதுலதான். நம்ம ஊருப் பிள்ளைங்க இது பணக்காரங்க வெளாட்டுன்னு ஒதுங்கிப் போறதப் பாத்தா எனக்கு மனசு வலிக்கும், ஆரம்பிக்கிறதுக்கு உங்ககிட்ட இருக்கிற துப்பாக்கியே போதும்.

போட்டி அட்டையப் பத்தி தெரிஞ்சுக்கங்க. பத்துங்கிறது நடுவுல அரை மில்லி மீட்டர் புள்ளி. குண்டு 4.5 மில்லி மீட்டர், அது அந்தப் புள்ளியத் தொட்டாலே பத்து, அதாவது குண்டோட நடு உண்மையான நடுவுலருந்து ரெண்டரை மில்லி மீட்டருக்குள்ள இருக்கணும். நின்னுக்கிட்டுதான் சுடணும், 60 குண்டு, எலக்ட்ரானிக் டார்கெட்ல 75 நிமிசம். பொம்பளைங்களுக்கு முன்னாடி 40 குண்டுதான் இருந்துச்சு, 2018ல இருந்து எங்களுக்கும் 60. துப்பாக்கி 5.5 கிலோவுக்கு மேல போகக் கூடாது. அதுக்குள்ள வர்ற மேட்ச் ரைபிள் எல்லாம் காத்து அடைச்சு வச்ச டைப்பு, துள்ளலே இருக்காது, வெல லட்சத்துல. அத இப்ப நெனைக்கவே நெனைக்காதீங்க. மாவட்ட கிளப்புல மெம்பராகுங்க, பல எடத்துல கிளப் ரைபிளையே குடுத்துப் பழக விடுவாங்க, அங்கருந்து மாநிலப் போட்டி, அதுக்கு மேல மாவ்லங்கர்ங்கிற அகில இந்தியப் போட்டி, அப்புறம் நேசனல்ஸ், இதுதான் வழி.

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இம்புட்டு பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. பெரியவருகிட்ட சொல்லிட்டேன், சட்டம் அப்படின்னா வேணாம் தம்பின்னு விட்டுட்டாரு.

கட்டை ஸ்க்ரூ ரெண்டும் லூசாத்தான் இருந்துச்சு, இறுக்கியாச்சு. தலகாணி மேல கைய விரிச்சு வச்சு லேசாப் புடிச்சு சுட்டதுல குண்டு எல்லாம் ஒரே பக்கமா விழ ஆரம்பிச்சிருச்சு, நம்பவே முடியல. இப்ப நடுவுக்குக் கீழ இடது பக்கமா கூட்டமா விழுது, ஒரு ரூபாய் நாணயத்தவிட கொஞ்சம் பெருசா. இப்ப சைட்ட நகர்த்தலாமா, எந்தப் பக்கம்? அட்டைக்குப் பின்னாடி அரை இஞ்சு ப்ளைவுட் வச்சிருக்கேன், அதுக்குப் பின்னாடி மாடிப்படி ரூம்பு சுவரு. அக்கா, வாய் விட்டு சொல்லுங்கன்னு சொன்னத செஞ்சு பாத்தேன், பாதிக்கு மேல விசை விடும்போது எனக்கு கண்ணே மூடிக்குது போல, சைட் எங்க இருந்துச்சுன்னு சொல்லவே வர மாட்டேங்குது, அதுக்கு என்ன செய்ய?

உசிலை எக்ஸ்சர்வீஸ்:

ப்ளைவுட்ட எடுத்துருங்க தம்பி. அரை இஞ்சுப் பலகையில ஈயக் குண்டு சில நேரம் ஒட்டும் சில நேரம் திரும்பித் தெறிக்கும், ஒரே எடத்துல அடிச்சு அடிச்சு ஓட்டையானா பின்னால சுவத்துல மோதித் திரும்பும். ஒரு கனமான மரப்பெட்டி எடுத்துக்கங்க, பின்பக்கம் ஒரு இரும்புத் தகடு, அதுக்கு முன்னாடி பழைய துணிய கெட்டியா திணிச்சு நெறப்புங்க, இல்லாட்டி ஈரக் களிமண்ண நாலு இஞ்சுக்கு அப்பி வைங்க, முன்னாடி அட்டைய குத்துங்க. பெட்டி அட்டையவிட நாலு பக்கமும் நல்லா அகலமா இருக்கணும், இன்னும் உங்க குண்டு வெளிய போகத்தான் செய்யும். படிக்கட்டு ரூம்பு சுவருன்னு சொல்றீங்க, அந்தக் கதவு வழியா யாரும் வெளிய வந்துறாத மாதிரி மாடிப் பக்கமா தாழ்ப்பா போட்டுட்டு சுடுங்க. பக்கத்து மாடியில துணி காயப் போட ஆளு வந்தா துப்பாக்கிய கீழ வச்சிருங்க. கண்ணாடி போடாம சுடாதீங்க, பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் வேணும்.

சைட் நகர்த்த இன்னும் கொஞ்சம் பொறுங்க, கூட்டம் இன்னும் சுருங்கட்டும். நகர்த்தும்போது பேக் சைட்ட குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே நகர்த்தணும், உங்களுக்கு வலது பக்கமும் மேலயும். கொஞ்சமா நகர்த்தி அஞ்சு சுட்டுப் பாத்து அப்புறம் மறுபடி. ஒரே ஒரு குண்டப் பாத்து திருகக் கூடாது.

பெருங்குடிக்காரன்:

ஈயம் பத்தி யாரும் சொல்லல, பெல்லட்டு பெரும்பாலும் ஈயம்தான். சுட்டு முடிச்சு சோப்பு போட்டு கை கழுவாம எதையும் வாயில வைக்காதீங்க, பெல்லட்ட பல்லுல கடிச்சு வச்சுக்கிட்டு லோடு பண்ற பழக்கம் சில பேருக்கு இருக்கு அது ரொம்பத் தப்பு. பெட்டியச் சுத்தி சிதறுற துண்டக் கூட்டி அள்ளி தனி டப்பாவுல போடுங்க, வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா மாடிப் பக்கமே விடாதீங்க. துப்பாக்கிய எங்க கொண்டு போனாலும் பையில போட்டு, பேரல மடக்காம, பெல்லட் இல்லாம, பில்லோட ஜெராக்ஸ் கூட இருக்கட்டும்.

பத்து மீட்டர்:

கண்ணு மூடுறது சத்தத்துக்கும் துள்ளலுக்கும் வர்றது, பயப்படாதீங்க, போயிரும். முதல்ல காதுக்கு ஒரு பஞ்சோ இயர்ப்ளக்கோ வைங்க, சத்தம் கொறைஞ்சாலே பாதி சரியாகும். அடுத்து, கொஞ்ச நாள் அட்டைய திருப்பி வெள்ளப் பக்கத்த வைங்க. வட்டமே இல்லாத வெள்ள அட்டைய பாத்து சுடுங்க, குறின்னு ஒண்ணு இல்லாதப்ப கண்ணு வேற எங்கயும் போகாது, ஃப்ரண்ட் சைட்ட மட்டும் பாத்துக்கிட்டே பையப் பைய அழுத்துங்க, சைட் துள்ளி மேல எழும்புறத கண்ணால பாத்தீங்களான்னு மட்டும் உங்கள நீங்களே கேட்டுக்கங்க. துள்ளல பாத்துட்டீங்கன்னா கண்ணு தொறந்திருந்துச்சுன்னு அர்த்தம்.

ராத்திரி வீட்டுக்குள்ள இன்னொரு பயிற்சி, பேரல மடக்காம, பெல்லட் டப்பா அந்த ரூம்புலயே இல்லாம, வெறும் துப்பாக்கிய தூக்கி சுவத்துல ஒரு புள்ளிய பாத்து நில்லுங்க. இடது முழங்கை இடுப்பெலும்பு மேல உக்காரணும், தோள் தசையால தூக்காதீங்க, எலும்பு மேல நிறுத்துங்க. முப்பது செகண்டு நில்லுங்க, எறக்குங்க, ஒரு நிமிசம் ஓய்வு, திரும்ப. பத்து நிமிசம் தினமும் போதும், கை நடுங்க ஆரம்பிச்சா நிறுத்திருங்க, களைச்ச கையோட பழகுனா தப்புத்தான் பழகும்.

வெள்ள அட்டையில சுட்டு ஒரு வாரம் கழிச்சு வட்டத்துக்கு வாங்க. அப்ப சுட்ட அஞ்சு குண்டு அட்டைய போட்டோ எடுத்து இங்க போடுங்க, பக்கத்துலயே நீங்க சொன்னது என்னன்னும் எழுதுங்க. அதப் பாத்துட்டு சைட்ட எம்புட்டு நகர்த்தணும்னு சொல்றோம்.

திருமங்கலத்தான்:

சரிக்கா. மரப்பெட்டிக்கு ஆசாரிகிட்ட சொல்லியாச்சு, அது வர்ற வரைக்கும் சுடல, சுவத்துப் புள்ளி மட்டும்தான். அட்டையோட வந்து எழுதுறேன்.